நாரையின் ஒற்றைக் கால்

காலை பத்தரை மணிக்குக் கேப்டன் உல்யானா விசாரணைக்கு வந்து இறங்கியபோது தோக்கியாவின் கேக் கடைக்குக் கூரை இல்லை. பொல்தாவா நகரில் அப்படி ஓர் ஆப்பிள் கேக் வேறெங்கும் கிடைக்காது. அந்தக் கடையின் பின்னறையில்தான் போர்முனைக்கு ட்ரோன்கள் செய்துகொண்டிருந்தார்கள். எதிரியின் ட்ரோன் குறி தவறாமல் அந்தப் பின்னறையில் விழுந்திருந்தது. சங்கு ஊதியதும் எல்லாரும் நிலவறைக்கு ஓடியதால் உயிர்ச்சேதம் இல்லை. போன மாதம் பட்டறை ஒரு பழைய கார் கொட்டகையில் இருந்தது. அதுவும் இப்படித்தான் போனது. ஒருமுறை என்றால் விதி என்று விட்டுவிடலாம். இரண்டாம் முறையென்றால் கூட இருக்கிறவனே குழி பறிக்கிறான்.

உல்யானாவுக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்றும் இருந்தது. கோடையில், போர்முனையில் இருந்த அவள் தம்பி மார்க்கோ வலது கை சிதைந்து கோதுமை வயல் நடுவே கிடந்தான். அவனை இழுத்து வந்தது ஆள் இல்லாமலே ஓடும், சக்கரம் வைத்த ஒரு சின்ன இயந்திரம். கை போயிற்று, தம்பி பிழைத்தான். இயந்திரத்தைச் செய்தது இந்தப் பட்டறை. அது யாரைக் காப்பாற்றியது என்று செய்தவர்களுக்குச் சொல்லும் வழக்கமில்லை. செய்தவன் பெயர் தீமிஷ் என்று அவள்தான் விசாரித்துத் தெரிந்து வைத்திருந்தாள். இன்று எல்லா விரலும் அந்தத் தீமிஷைத்தான் காட்டின. சாயங்காலத்துக்குள் அவனைக் கைது செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு வேறு.

தீமிஷ் முற்றத்தில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"விழுந்தப்ப எங்க இருந்தே?"

"தபால் ஆபீஸ்ல. பார்சல் எடுக்கப் போனேன்."

"என்ன பார்சல்?"

"மோட்டார், சீனாவுல இருந்து. கேமரா போலந்து வழியா வருது. உலகமே சேர்ந்துதானே கேப்டன் ஒரு ட்ரோன் ஆகுது."

"பட்டறைக்குள்ள ஃபோன்?"

"யாரும் கொண்டு வர மாட்டோம். வீட்லயே வெச்சிட்டு வருவோம்."

"நீ மட்டும் வெளியே இருந்திருக்கே."

"ஆமா. என் கெட்ட நேரம்."

வேன் ஓட்டும் பனாஸ் பக்கத்தில் வந்து நின்றான். ட்ரோன்களைப் போர்முனைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. "நல்ல பையன்தான் கேப்டன். ஆனா சதா வெளிநாட்டுக்காரனோட ஃபோன்ல பேச்சு. நான் எதுவும் சொல்லல."

சொல்லாமலே சொல்லிவிட்டான்.

தோக்கியா இடிபாட்டிலிருந்து மீட்ட சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கே எங்க குடியிருப்பு நிலவறைக்கு மாத்திடறோம் கண்ணு. மேலே குழந்தை குட்டியோட அத்தனை குடும்பம் இருக்கு. பயமாத்தான் இருக்கு. வேற எங்க போக?"

குவியலின் உச்சியில் பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூடு ஒன்று. பூ வரைந்து, வாயில் காய்ந்த கோதுமைக் கதிர்க் கட்டு செருகியிருந்தது. போர்முனைப் பையன்கள் நன்றி சொல்ல அனுப்பும் பரிசு. பக்கத்தில், வசந்தத்தில் அவர்கள் கையெழுத்திட்டு அனுப்பிய கொடி.

"போன மாசம் வேன்ல வந்த கூடு இது. முதல் பட்டறை போனப்பவும் இதுக்கு ஒரு கீறல் விழல. ராசியான பொருள். இதைத்தான் முதல்ல தூக்கிட்டுப் போவோம்," என்றாள் தோக்கியா.

கூட்டைச் சுற்றிப் படையினரின் பட்டப்பெயர்கள் கையெழுத்தாக ஓடின. நடுவில் 'நாரை'. ஓரத்தில் குட்டியாக ஒரு நாரைப் படம். அது மார்க்கோவின் பட்டப்பெயர். உல்யானா வேலையை மறந்து, தெருவோரம் போய்த் தம்பியை ஃபோனில் கூப்பிட்டாள்.

"டேய், பித்தளைக் கூட்டுல உன் கையெழுத்தைப் பார்த்தேன்டா."

"எந்தக் கூடு?"

"பட்டறைக்கு அனுப்பினீங்களே. போன மாசம்..."

சொல்லும்போதே அவள் நாக்கு நின்றது. மறுமுனையில் மார்க்கோ சிரித்தான். "எந்தக் கையால அக்கா போட்டேன்? இருக்கற கையில இப்பத்தான் ஸ்பூன் பிடிக்கப் பழகறேன்."

சந்தோஷம் கண்ணை மறைக்கும் என்பது சும்மா இல்லை. அவள் திரும்பி வந்து கொடியை விரித்தாள். அதிலும் நாரை இருந்தது, ஒற்றைக் காலோடு. மார்க்கோ எப்போதும் இரண்டு கால் போடுகிறவன். துணி மடிப்பில் பேனா தாண்டியதால் கொடியில் ஒரு கால் விழவில்லை. கூட்டில் மடிப்பே கிடையாது. அங்கேயும் ஒரு கால்தான்.

எல்லாரையும் கூப்பிட்டாள்.

"பனாஸ், இந்தக் கூட்டை உங்கிட்ட கொடுத்தது யாரு?"

"நாரைதான். ரெண்டு கையாலயும் மரியாதையாக் கொடுத்தான்."

"என் தம்பிக்குக் கோடையிலேயே ஒரு கை போயிடுச்சு பனாஸ். அவன்தான் நாரை."

உல்யானா கதிர்க்கட்டைப் பிரித்தாள். தண்டுகளுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கருவி. தொலைந்த பயணப் பெட்டி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்க, யார் வேண்டுமானாலும் கடையில் வாங்குகிற சாமான்.

"இது ஒரு நாட்டுல செஞ்சது, சிம் கார்டு இன்னொரு நாட்டோடது. ஏவினவன் எங்கேயோ நாற்காலியில உட்கார்ந்திருக்கான். ஆனா கையெழுத்தைக் காப்பியடிக்க இந்தக் கொடி வேணும். கொடி பட்டறையை விட்டு வெளியே போனதில்ல. அதனால ஆள் உள்ளேதான். போர்முனையில யாரும் கொடுக்காத பரிசைக் கொண்டு வந்தவன் நீ, பனாஸ். ஃபோனை வீட்லயே வெச்சிட்டு வந்த மத்தவங்க யாரும் இதைத் தொட்டுப் பார்க்கல. நன்றின்னு வந்ததை யார் சந்தேகப்படுவாங்க?"

பனாஸ் தரையைப் பார்த்தான். "அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. ஃபோன்ல வெறும் ஒரு பேரு, மாசாமாசம் காசு. ஆள் இல்லாத நேரத்துலதான் அடிப்போம்னான்."

"நிலவறைக்கு ஓடினது நாங்கடா, பாவி," என்றாள் தோக்கியா. அவள் சுட்ட கேக் எத்தனை நாள் அவன் வாய்க்குப் போயிருக்கும்.

சாயங்காலத்துக்குள் கைதானவன் பனாஸ். கறுப்புக் கருவியை உல்யானா அணைக்கவில்லை. ஊருக்கு வெளியே பாழடைந்த பன்றிக் கொட்டகையில் கதிர்க்கட்டோடு வைக்கச் சொன்னாள். மறுநாள் எதிரியின் ட்ரோன் வந்து அந்தக் கொட்டகையைத் தரைமட்டமாக்கியது. தோக்கியா அன்றைக்கு அடுப்பு மூட்டி எல்லாருக்கும் ஆப்பிள் கேக் சுட்டாள்.

உல்யானா தீமிஷிடம் போனாள். "கோடையில உன் வண்டி வயல்ல இருந்து இழுத்துட்டு வந்தது என் தம்பியைத்தான். எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

"அதுல இடது சக்கரம் கொஞ்சம் தூக்கிப் போடும். அவருக்கு ரொம்ப வலிச்சிருக்கும்," என்றான் அவன்.

அடுத்த வண்டி தயாரானபோது மார்க்கோவே நிலவறைப் பட்டறைக்கு வந்தான். பெயின்ட் தூரிகையை இடது கையில் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, அதன் நெற்றியில் ஒரு நாரை வரைந்தான். கழுத்து கோணல், சிறகு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கால் மட்டும் இரண்டு.