இன்ஸ்பெக்டர் கால் வைத்த கதவு

தம்பிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் வாசத்திலேயே கண்டுபிடித்து அவன் மடியில் முன்னங்காலை வைக்கப் பழக்கிய நாய் இன்ஸ்பெக்டர். கல்யாண வீடோ கழிப்பறையோ, இடம் பொருள் பார்க்காத கடமை வீரன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும், சோபாவில் உட்கார்ந்திருந்த தம்பியைத் தாண்டிப் போய், பூட்டிய சாமான் அறையின் கதவில் காலை வைத்தான்.

"என்னடா, உன் ஆளுக்கு மூக்கடைப்பா?" என்றாள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா.

"வயசாகுதுல்ல அக்கா. விடு."

தம்பி அவளை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. 'ஏய் குண்டு'தான்.

மதியம் அந்த அறையில் எதையோ தேடப் போனவன் ரொம்ப நேரம் கழித்துத்தான் வெளியே வந்திருந்தான். இப்போது சூடான துணியின் வாசத்துக்கும் மின்விசிறியின் கிறீச்சுக்கும் அடியில், நகம் மரத்தைச் சுரண்டும் சத்தம் விட்டுவிட்டு, பல்வலி மாதிரி பொறுமையாக வந்துகொண்டிருந்தது. பிறகு இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்த பழச்சாறு டப்பாவைக் கவ்விப்போய்க் கதவடியில் வைத்தான். ஆள் எழுந்திருக்கவே முடியாத நிலையில்தான் அப்படிச் செய்வான்.

அவள் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தாள். "கையக் காட்டு."

பதினொரு வருடமாக ஊசி ஏறிய விரல்கள். பத்தும் ஒரு தழும்பில்லாமல் வழுவழுவென்று இருந்தன. குத்தினாள். அழுத்தினாள். ஒரு சொட்டு வரவில்லை.

"வலிக்குது அக்கா," என்றான், கொஞ்சம் தாமதமாக.

கதவுக்குப் பின்னால் ஏதோ சரிந்தது. குழறலாக ஒரு குரல்: "குண்டு... ஜூஸ்..."

தம்பியின் குரல்.

இந்த அளவுக்கு இறங்கினால் நிமிடக் கணக்குதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாவி சோபாவில் இருந்தவனின் சட்டைப்பையில் தெரிந்தது. பாய்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கத்தினாள், பக்கத்து வீட்டு டிவி அவளைவிடச் சத்தமாகக் கத்தியது. எட்டி இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் கைமேல் அழுத்தினாள்.

கருகவில்லை. வாசமே இல்லை. பிடி தளரவில்லை.

உள்ளிருந்து கதவில் ஒரு சுரண்டல். இன்னொன்று.

நின்றது.

இன்ஸ்பெக்டர் கதவிடுக்கை நன்றாக முகர்ந்து பார்த்தான். அந்த வாசம் போய்விட்டால் ஆள் தேறிவிட்டான் என்பதுதான் அவன் படித்த பாடம். வாலை ஆட்டியபடி வந்து, வேலை முடிந்ததற்கான பரிசைக் கேட்டு, அவள் முன்னால் உட்கார்ந்தான்.

சோபாவில் இருந்தவன் அவள் கையை விடாமல், மறு கையால் ஒரு பிஸ்கட்டை நீட்டினான்.