ஆறாவது வாசல்

செங்கம் சாலையில் அந்த மழை மட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால் எழிலரசி வழக்கமான கடைக்கே போயிருப்பாள். அட்டைப் பையைத் துப்பட்டாவுக்குள் அணைத்துக்கொண்டு ஓடியவள், முதலில் தென்பட்ட ஃப்ரேம் கடைக்குள் ஏறி, எதிரே வந்தவன் மேல் மோதிக்கொண்டாள். நிமிர்ந்தால்... இரண்டு சிரிக்கும் கண்கள்.

“மெதுவாங்க. இது கண்ணாடிக் கடை!”

கடைக்காரன் மாறன். அவள் விரித்த ஆறு படங்களைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான ஜெருசலேம் காட்சிகள். உயர்ந்த மதில்கள், படத்துக்கொரு வாசல், நிழலில் ஒதுங்கிய கழுதைகள்.

“மலை மேல நின்னு நம்ம கோயில் மதிலைப் பார்க்கிற மாதிரியே இருக்குதுங்க.”

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

படங்கள் மார்த்தா அம்மாவுடையவை. எழிலரசி மேலாளராக இருக்கும் விடுதியில் பதினோரு வருடம் தங்கியிருந்த ஜெர்மன்காரர், ஞாயிறன்று ஒரேயடியாக ஊர் திரும்புகிறார். அவருடைய மறைந்த கணவர், கல்யாணத்துக்கு முன் இருவரும் நின்ற வாசல்களைப் பற்றி ஒவ்வொரு படத்தின் கீழும் பென்சிலால் ஜெர்மன் மொழியில் ஒரு வரி எழுதியிருந்தார்.

மறுநாள் ஃப்ரேம்கள் தயார். படங்கள் பளிச்சென்று இருந்தன. பென்சில் வரிகளைத்தான் காணோம்.

“கீழ இருந்த எழுத்து எங்க?”

“வெட்டிட்டேன். காலண்டர் சாமி படத்துல அடியில இருக்கிற கடைப் பேரை வெட்டித்தாங்க ஃப்ரேம் போடுவோம்.”

“இது காலண்டரா? உங்களுக்குக் கண்ணு இருக்குதா, இல்லியா?”

“முன்னாடியே சொல்லியிருக்கணும்ல?”

அவன் முகம் சிவந்தது. அவள் கண் கலங்கியது. இந்தக் கடைப் படி இனி ஏறுவதில்லை என்று இறங்கினாள்.

புதன்கிழமை மாலை போன் வந்தது. “தப்பு என் மேலதாங்க. வந்து பாருங்க.”

போனாள். கடையை ஒரு நாள் மூடிவிட்டு, இரண்டு சாக்கு வெட்டுக் காகிதத்தைக் கொட்டித் துழாவியிருக்கிறான். ஐந்து துண்டுகள் அதனதன் படத்தோடு வெட்டுக் கோடே தெரியாமல் சேர்ந்திருந்தன.

“ஒண்ணு மட்டும்... இன்னும் தேடுறேங்க.”

அவன் சட்டைப் பையில் ஒரு பட்டர் பேப்பர் எட்டிப் பார்த்தது. அதற்குள் பழுப்பு நிறத்தில் ஓர் ஓரம். “நாளைக்கு வர்றேன்” என்று எழிலரசி படி இறங்கினாள்.

வியாழக்கிழமை வந்தாள். “கிடைச்சுதா?” “இல்லீங்க.” வெள்ளிக்கிழமையும் வந்தாள். தேடியதை விட டீ குடித்ததுதான் ஜாஸ்தி.

சனிக்கிழமை மறுபடி தூறல். “நாளைக்கு அந்தம்மா கிளம்புறாங்க...” என்றாள்.

மாறன் சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்து மேஜையில் வைத்தான்.

“புதன்கிழமையே கிடைச்சிடுச்சு. போன்ல போட்டுத் தமிழ்ல படிச்சேன். ‘இந்த வாசலில் கேட்டேன். சரி என்றாள்’னு இருக்குது. இதை ஒட்டிக் குடுத்துட்டா நீங்க வரமாட்டீங்கனு... தப்புதாங்க. ஆனா நானும் உங்களைக் கேக்கணும். கேக்கலாமா?”

எழிலரசி வாசலைப் பார்த்தாள். மழை வலுத்திருந்தது.

“அந்த வரியை மார்த்தா அம்மா என்கிட்ட எப்பவோ படிச்சுக் காட்டிட்டாங்க. பட்டர் பேப்பரை நான் புதன்கிழமையே பார்த்துட்டேன்.”

“அப்ப எதுக்குங்க தினமும் வந்தீங்க?”

“எப்ப கேப்பீங்கனு பார்க்கத்தான்...” அவள் துண்டை அவன் பக்கம் தள்ளினாள். “முதல்ல இதை ஒட்டுங்க. அப்புறம் கேளுங்க. சரின்னுதான் சொல்லப் போறேன்.”