மூழ்கி இறந்தவர் பெயர் லியோனார்ட்

அந்தப் பிணம் டாடி இல்லை.

"நல்லா பாத்து சொல்லு பாப்பா. இவர்தான் உங்கப்பாவா?"

எஸ்.ஐ. செம்பியன் துணியை விலக்கினார். நான்கு நாள் வெள்ளத்தில் ஊறிய முகம்... மூக்கு எது, கன்னம் எது என்றே தெரியவில்லை. காலையில்தான் அடையாறு பாலத்தடியில் ஒதுங்கியிருந்தது.

மம்மியின் விரல்கள் என் முழங்கையைக் கிள்ளின.

"டாடிதான் சார்."

"எத வெச்சு சொல்ற?"

சட்டென்று பிணத்தின் காலைப் பார்த்தேன்; கட்டைவிரலில் நகம் இல்லை.

"கட்டவிரல்ல நகம் இருக்காது சார்."

எழுதிக்கொண்டார். லியோனார்ட். வயது நாற்பத்தாறு. மயிலாப்பூர்.

மார்ச்சுவரி வராந்தாவில் மம்மி என் காதோரம் குனிந்தாள்.

"வெள்ளத்துல செத்தாருனு ஒரு பேப்பர் வந்துட்டா போதும் ஜொவி. அப்புறம் யாரும் டாடிய தேட மாட்டாங்க."

தேடக் கூடாது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்... டாடி எங்கள் வீட்டுத் தண்ணீர் சம்ப்புக்குள் கிடக்கிறார். மழை பிடித்த அன்று மம்மியின் தலையைச் சுவரில் மோதிக்கொண்டே இருந்தார். கையில் கிடைத்த கத்தியை எடுத்தவள் நான். கத்திக் காயத்தோடு கிடப்பவரை வெள்ளம் கொன்றது என்று எந்த டாக்டரும் எழுத மாட்டார். அதனால்தான் வேறொரு உடம்பு.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணாம வெள்ளச் சாவுனு எழுத முடியாதும்மா," என்றார் செம்பியன்.

"பண்ணுங்க சார். தண்ணிலதான போனாரு."

மம்மி கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் விஜயலக்ஷ்மி கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தார்.

"செம்பியன், இது வெள்ளச் சாவு இல்ல."

"இன்னா டாக்டர் சொல்றீங்க?"

"கழுத்துல ஒயர் தடம். கொன்னுட்டு அப்புறமா ஆத்துல போட்ருக்காங்க."



செம்பியன் மம்மி பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரருக்கு யார்கூடனா தகராறு இருந்துச்சாம்மா?"

"சார்... இது அவரே இல்ல. நாங்க தப்பா..."

"இப்பதான பாப்பா நகத்த வெச்சு கரீட்டா சொல்லுச்சு?"

"இல்ல சார், அது..."

"சரி, இவரு இல்லனா அவரு எங்க?"

மம்மி என்னைப் பார்த்தாள்.

செம்பியன் என் தலையில் கை வைத்தார்.

"அழாத பாப்பா. காலைல மொத வேலையா உங்க வீட்டத்தான் சல்லடையா சலிக்கப் போறேன். உங்கப்பாவ கொன்னவன வுட மாட்டேன்."

பதினாறு வருடத்தில் நான் பார்த்த முதல் சுறுசுறுப்பான போலீஸ்... எங்களுக்கென்று வந்து வாய்த்தார்.