சூடு ஆறாத பெட்டி

பெட்டி சூடாக இருந்தது.

எமில்டா கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். சாம்பல் நிற அட்டைப் பெட்டி, சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். யாரோ நெடுநேரம் மடியில் வைத்திருந்து இப்போதுதான் இறக்கி வைத்ததுபோல அதன் அடிப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. சுவரில் இருந்த வெப்பமானி பதினாறு பாகை காட்டியது. அவள் வேலைக்கு வந்த நாலு வருடத்தில் அந்த நிலவறை கோடையிலும் மாரியிலும் பதினாறைத் தாண்டியதில்லை.

"ஷாமளா, இதை ஒருக்கால் தொட்டுப் பாரும்."

மேசைக்கு அந்தப் பக்கம் கணினியில் பதிந்துகொண்டிருந்த ஷாமளா எழுந்து வந்தாள். ஈப்போவிலிருந்து படிக்க வந்து, பழம்பொருள் பாதுகாப்பு நிபுணராக இங்கேயே தங்கிவிட்டவள். எமில்டாவைவிடப் பத்து வயது இளையவள், பதவியில் மேலானவள்.

"ஜில்லுன்னு இருக்கேக்கா."

"இல்லை, சூடாக் கிடக்கு."

"உங்க கைதான் குளிர்ல விறைச்சுப் போயிருக்கு. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

எமில்டா தேநீர் குடித்துவிட்டு வந்தாள். பெட்டி அப்படியேதான் இருந்தது.

2007 தை மாதம். தெற்கு லண்டனில், பழைய மருத்துவச் சேகரிப்பு ஒன்றின் நிலவறை. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவு ஆதிக்குடிகளின் எலும்புகளை நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு அவர்களிடமே திருப்பிக் கொடுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டிருந்தது. பதினேழு பெட்டிகள். ஒவ்வொன்றையும் தட்டிலிருந்து எடுத்து, பஞ்சு வைத்து, பயணத்துக்கு ஏற்றபடி பொதிசெய்வது எமில்டாவின் வேலை. "பதினேழு பெட்டின்னு சொல்லாதீங்கக்கா, பதினேழு பேர்னு சொல்லுங்க" என்று முதல் நாளே ஷாமளா சொல்லியிருந்தாள். சூடாக இருந்தது பதினோராவது. பதிவேட்டில் பெயர் இல்லை. பெண் குழந்தை, வயது நாலு அல்லது ஐந்து என்று மட்டும் இருந்தது.

அன்று பின்னேரம் மூன்றரைக்கு, மேலே தெருவோடு ஒட்டிய சின்னக் கண்ணாடிகளில் வெளிச்சம் வடிந்து, பேருந்துகளின் இரைச்சல் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல அமுங்கியபோது, எமில்டாவின் மூக்கில் ஈர விறகின் புகை ஏறியது. அதற்குள் சாம்பலும் கொழுப்பும் கலந்த பழைய சவர்க்கார நெடியும், துணி வெளுக்கும் கொட்டிலின் புழுக்கமும் இருந்தன. புகைமணி அடிக்கவில்லை. சுவருக்கு அப்பால், மண் மட்டுமே இருக்கக்கூடிய அந்தத் திசையில், ஒரு பெண் கூப்பிட்டாள். ஒரே சொல். பிறகு, பதிலுக்குக் காத்திருப்பதுபோல ஓர் இடைவெளி. மறுபடியும் அதே சொல். எந்த மொழி என்று எமில்டாவுக்குத் தெரியவில்லை. ஆனால் பிள்ளையைத் தேடுகிற குரல் என்பது தெரிந்தது. அதற்கு மொழி தேவையில்லை.

"ஷாமளா, உமக்குக் கேக்கேல்லையே?"

"என்னாக்கா?"

"ஒண்டுமில்லை."

இரண்டாம் நாளும் அதே நேரம் அதே குரல். இந்த முறை பெட்டித் தட்டுகளுக்குப் பின்னால் விறகு வெடிக்கிற சத்தமும் சேர்ந்து வந்தது. எமில்டா நடைவழி நடைவழியாகப் போய்ப் பார்த்தாள். ஆளில்லை. கடைசித் தட்டின் இரும்புக் கம்பியில் மட்டும் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

மூன்றாம் நாள் ஷாமளா மேலேயிருந்து ஒரு கோப்போடு இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பதினொண்ணோட பேப்பர் கிடைச்சிருச்சுக்கா. ஹானா பிரைஸ்னு ஒரு கைதி. இங்க கிழக்கு லண்டன்ல பார்க்கிங்ங்கிற ஊர்ப் பொண்ணு. ரெண்டு கெஜம் துணி திருடுனதுக்கு ஏழு வருசம்னு டாஸ்மேனியாவுக்குக் கப்பல்ல ஏத்திட்டாங்க. அங்க ஒரு டாக்டர் வீட்டுல வேலைக்கு விட்டிருக்காங்க."

"அப்ப இந்தப் பிள்ளை?"

"ஆடு மேய்க்க நிலம் வேணும்னு அந்தச் சனத்தையெல்லாம் துரத்திட்டாங்க. இந்தப் புள்ளைய டாக்டர் பிடிச்சி வச்சிக்கிட்டாரு. தாய்க்காரி தினம் பொழுது சாயுற நேரம் வேலிக்கு வெளிய வந்து நின்னு கூப்பிடுவாளாம். கதவத் திறக்கக்கூடாதுன்னு ஹானாவுக்கு உத்தரவு. திறந்தா மொட்டையடிச்சு மறுபடி ஜெயில்."

எமில்டா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்புறம் புள்ளைக்குக் காய்ச்சல். நாலு வருசம் கழிச்சு ஹானா தானாப் போய் நீதிபதிகிட்ட சொல்லியிருக்கா." ஷாமளா ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். "'புள்ள செத்துருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. நான் தொட்டுப் பார்த்தேன். சூடா இருந்துச்சு. சலவைக் கொப்பரையில தண்ணி கொதிக்க வைன்னாரு. வச்சேன். எலும்பு லண்டனுக்குப் போகணும், நெருப்பு அணையக் கூடாதுன்னாரு. அணைய விடல.'"

"திருப்பி வாசியும்."

"எதைக்கா?"

"தொட்டுப் பாத்ததெண்டு சொன்னீரே. அதை."

ஷாமளா கோப்பை மூடினாள். "எசமான் மேல அபாண்டம் சொன்னான்னு அவளுக்குத்தான் தண்டனை கொடுத்திருக்காங்க" என்றாள்.

அன்றிரவு ஸ்ட்ரெதம் வீட்டில் எமில்டா சாப்பிடவில்லை. கணவன் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். பதினொரு வருடமாக அவனோடும் பேசாத ஒன்று அவளைத் தூங்கவிடவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, போர்க்காலம், யாழ்ப்பாணத்துக் கிளாலிக் கரை. ஊரே பெயர்ந்து வந்து படகுக்குக் காத்திருந்த இரவு. மழை. கையில் நாலு வயது மகள் அஞ்சலீனா. மூன்று நாள் காய்ச்சல். விடியப்புறம் பிள்ளையின் கண் மேலே செருகியது. பக்கத்தில் நின்ற ஒருவர் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். படகோட்டி எமில்டாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "அம்மா, செத்த பிள்ளையை ஏத்தேலாது. உயிரோட உள்ள சனத்துக்கே இடமில்லை." பின்னால் ஷெல் விழத் தொடங்கியது. கணவன் தோளைப் பிடித்து இழுத்தான். எமில்டா பிள்ளையை ஈர மணலில் கிடத்தி, சேலையால் மூடிவிட்டு, ஏறினாள். படகு நடுக்கடலுக்கு வந்த பிறகுதான் தன் மார்பிலும் கைகளிலும் அந்தச் சூடு இன்னும் இருப்பதை உணர்ந்தாள். பிள்ளையின் உடம்புச் சூடு. செத்த உடம்பு மழையில் அவ்வளவு நேரம் சுடுமா? அவள் யாரையும் கேட்கவில்லை. யாராவது பதில் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

வெள்ளிக்கிழமை டாஸ்மேனியாவிலிருந்து இரண்டு மூதாட்டிகள் வந்தார்கள். மேல் தளத்து அறையில் அதிகாரிகள், கையெழுத்துகள். பதினேழு பேரையும் ஒவ்வொருவராக மேலே கொண்டுபோக வேண்டும்.

"பதினொண்ணு நான் எடுத்துக்கவா அக்கா?"

"வேண்டாம். எனக்கு ஏலும். நான் கொண்டு வாறன்."

படியேறும்போது சூடு அட்டையைத் தாண்டி, கையுறையைத் தாண்டி, அவள் மார்புக்குள் இறங்கியது. நடுப்படியில் நின்று பெட்டியை இறுக அணைத்துக்கொண்டாள். பெட்டிக்குள் ஏதோ மெல்லப் புரண்டு அவள் பக்கம் ஒதுங்கியது.

இருவரில் மூத்தவள் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஹானா தன் காதில் விழுந்தபடி சொல்லி, எழுத்தர் எழுதி வைத்த, தாய் கூப்பிட்ட அந்த ஒரு சொல்லை ஷாமளா காட்டினாள். மூதாட்டி நெடுநேரம் அதைப் பார்த்தாள். இதன் பொருளை அறிந்தவர்கள் எங்களில் இப்போது இல்லை, அநேகமாக இவளுடைய பெயராக இருக்கும் என்றாள். பிறகு குனிந்து, பெட்டியின் மூடியோடு வாய் வைத்து, அந்தச் சொல்லைச் சொன்னாள்.

அறையில் எல்லோரும் அழுதார்கள். எமில்டா பெட்டியின் மேல் கை வைத்தாள். குளிர்ந்திருந்தது. கல்போலக் குளிர்ந்திருந்தது.

நாலு மணிக்கு வாகனம் போய்விட்டது. தட்டுகளைத் துடைத்து, விளக்கணைக்க எமில்டா கீழே இறங்கினாள். பொழுது சாய்ந்திருந்தது. அவள் காது சுவரை நோக்கிக் காத்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை. அந்தத் தாய்க்கு இனிக் கூப்பிடத் தேவையில்லை என்று நினைத்தபோது, பல வருடங்களுக்குப் பிறகு எமில்டாவுக்கு மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வந்தது.

விறகு வெடித்தது.

கடைசி நடைவழி. செம்மஞ்சள் வெளிச்சம், தரையில் அசைந்தபடி. புகை. சவர்க்கார நெடி.

எமில்டா போனாள்.

தட்டுகள் முடிகிற இடத்தில் அடுப்பு. அதன்மேல் மூடிய கொப்பரை. முன்னால் முதுகு காட்டி ஒரு பெண் குந்தியிருந்தாள். கரடுமுரடான துணிச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, முழங்கை வரை வெந்து தோலுரிந்த கைகள். ஒரு கட்டையை எடுத்தாள். அடுப்புக்குள் தள்ளினாள். இன்னொரு கட்டை.

"பிள்ளை போயிட்டாள்" என்றாள் எமில்டா. "தாயிட்டைப் போயிட்டாள். இனி ஏன் எரிக்கிறீர்?"

அவள் திரும்பவில்லை. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தாள். ஒரே அடுப்படியில் வேலை செய்யும் பெண், இன்னொருத்திக்கு இடம் விடுவதுபோல.

தண்ணீர் கொதித்தது.

மூடி தடதடத்தது.

உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்த குரல். தெளிவான தமிழ்.

"அம்மா... சுடுது."

எமில்டா அடுப்பின் முன் மண்டியிட்டாள். அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்தியபடியே ஒரு விறகுக் கட்டையை அவளிடம் நீட்டினாள்.

கொப்பரையின் மூடி, உள்ளிருந்து, ஒரு விரற்கடை உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றது.