கழிவுத்தோல் மனிதன்

பதப்படுத்திய தோல் வியர்க்காது. ஆனால் அன்று காலை தானியேல் கொட்டகையைத் திறந்தபோது, அவன் தைத்து எழுப்பிய உருவத்தின் கழுத்தில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

ஆம்பூர்த் தோல்ஷாப்பில் குப்பைக்குப் போகும் வெட்டுத்துண்டுகளைப் பொறுக்கி, மூங்கில் கூட்டின்மேல் போர்த்தித் தைத்து, மூன்று ஆள் உயரத்துக்கு உட்கார்ந்த மனிதன் ஒருவனைச் செய்திருந்தான். பட்டணத்தில் சிற்பம் படித்தும் கல்லுக்கு வழியில்லாதவனுக்கு அதுதான் வாய்த்தது. கொட்டகையைத் தோல்ஷாப் முதலாளி கொடுத்திருந்தார். வேலூர்ப் பொருட்காட்சியில் இது நின்றுவிட்டால், செருப்புத் தைக்கிறவன் என்று சிரிக்கிற வாய்களெல்லாம் மூடும்.

ஏணியில் ஏறித் துடைத்தான். தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாசனைக்குப் பதிலாகச் சுண்ணாம்பும் பீடியும் கலந்த ஆள்வாடை துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியே ஓட்டுக்கூரையில் மழை சளசளத்துக்கொண்டிருக்க, உள்ளே மூங்கில் எங்கோ மெல்ல நெரிந்து அடங்கியது.

துண்டுக்கூடையோடு வந்த கூலிக்காரி அமிர்தவள்ளி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, எங்க ஊட்டுக்காரரு மூஞ்சிய எதுக்கு வெச்சீங்க?"

"இன்னா சொல்ற நீ?"

"உதட்டு வெட்டுகூட அப்டியே இருக்குதே!"

அவள் புருஷன் வேலுவைத் தானியேல் பார்த்ததே இல்லை. போன மாதம் வேலையை விட்டு ஓடிப்போனான் என்று முதலாளி சொல்லக் கேட்டதோடு சரி.

முகத்தைப் பிரித்தெறிந்து வேறு துண்டுகளால் தன் வழக்கமான இரட்டைத் தையலில் தைத்தான். சாயங்காலம் பார்த்தால் அதே முகம். அதே வெட்டு.

வேலையைப் பார்க்க வந்த முதலாளி அண்ணாந்தார். குடை கைநழுவியது.

"யார்ரா சொன்னது உன்கிட்ட? தொட்டில அவனேதான் வுழுந்தான், நான் தள்ளல! கொளுத்துடா இத!"

தோலில் மயிர் களைய ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டி. வேலு ஓடிப்போகவில்லை. அப்போதும், வெட்கக்கேடு, உருவம் எரிந்துவிடுமே என்றுதான் தானியேல் பதறினான்.

முதலாளியே லாந்தரைத் தூக்கிக்கொண்டு உருவத்தை நெருங்கினார். அமிர்தவள்ளி தானியேலை வெளியே இழுத்துக் கதவைத் தாழிட்டாள்.

"வாணாண்ணே. அவங்களே பேசிக்கட்டும்."

உள்ளே ஒரு கத்தல். பிறகு தோலில் ஊசி ஏறும் சத்தம். சரக். சரக். நிதானமாக.

நின்றது.

திறந்தான். முதலாளி இல்லை. உருவம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. நெஞ்சில் அகலமாக ஒரு புதுத்தோல். ஈரமாக. மயிர் களையாமல். அதைச் சுற்றி ஓடிய இரட்டைத் தையல் தானியேல் மட்டுமே போடுவது.

மழைக்காற்று உள்ளே வீசியது. அந்தத் தோல் குளிரில் சிலிர்த்தது.