கார்பன் எடுத்தவன்

சிமெண்ட் கடை டெலிபோன் அடித்தது.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அடிக்கிற டெலிபோனில் நல்ல சேதி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஷஃபியுல்லா ஒரு டாக்ஸிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வயது ஐம்பத்திரண்டு. புதுப்பட்டினத்தில் இருபது வருஷமாக ஒர்க்‌ஷாப். அவருடைய முதுகுவலிக்குப் பதினைந்து வயது. பக்கத்து சிமெண்ட் கடை டெலிபோன்தான் அவருக்கும் டெலிபோன்.

"பாய்... உனக்குத்தான் போனு" என்றார் கடைக்காரர்.

"யாரு?"

"போலீஸ் ஸ்டேஷன்."

முதுகுவலி ஒரு நிமிஷம் மறந்தே போனது. எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போய் ரிசீவரை வாங்கினார்.

"வக்கீல் ராஜாராமோட ஹெரால்டு காரை நேத்து ரிப்பேர் பண்ணது நீதானே?" எதிர்முனைக் குரல் தூங்கி இரண்டு நாளான குரல்.

"ரிப்பேர் இல்ல சார். கார்பன் எடுத்தேன். இன்னா சார், வண்டி மறுபடியும் நின்னுட்ச்சா?"

"வண்டி நிக்கல. வக்கீலோட மூச்சுதான் நின்னுபோச்சு. கிளம்பி வா."

*

மகாபலிபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஸ்டேஷனில் உட்கார்ந்தபோது மணி ஒன்பது.

சப்-இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் மேஜைமேல் ஒரு சிவப்பு டின்னை வைத்தார். டின்னில் சின்னதாக ஒரு மண்டையோடு படம்.

"இது உன்னுதா?"

"ஆமா சார். என் மச்சான் ரஹ்மத்துல்லா சிங்கப்பூர்லேர்ந்து அனுப்ச்சாரு. ஸ்ப்ரே."

"எதுக்கு? சென்ட்டு மாதிரி அடிச்சுக்கவா?"

"என்ஜினுக்கு சார். ஓட ஓட உள்ளார கரி புடிச்சுக்கும். நாங்க கார்பன்னு சொல்வோம். முன்னல்லாம் ஹெட்டத் தூக்கி, வால்வக் கயட்டி, ஒரு நாள் பூரா ஒக்காந்து சொரண்டணும். இதுல அந்த பேஜாரு இல்ல. வண்டிய ஓட வுட்டு, கார்புரேட்டர் வாயில வுட்டு வுட்டு அடிச்சா போதும். கரி கரைஞ்சு, எரிஞ்சு, சைலன்சர் வழியா பொகையா வந்துடும்."

"பொகையா..." என்று கோதண்டராமன் அந்த ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொகையிலதான்யா ஆளு செத்துருக்காரு."

சொன்னார். கடற்கரையோரம் வக்கீலுடைய பங்களா. நேற்று சாயங்காலம் ஐந்து மணி. பக்கத்துக் குப்பத்து இருசப்பன் கார் ஷெட்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக் கதவைத் திறந்திருக்கிறான். உள்ளே ஒரே புகை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங்மேல் சாய்ந்தபடி வக்கீல் ராஜாராம். முன் பம்பருக்குக் கீழே இந்த டின்.

"நா வெளிய மணல்ல நிக்க வெச்சுத்தான் சார் அடிச்சேன். பத்து நிமிசம் வெள்ளப் பொகை வந்துச்சு, அப்பால சுத்தமாய்ட்ச்சு. பன்னெண்டு மணிக்கு ஷெட்டுல வுட்டு, சாவிய அவரு கையில குடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்."

"டின்னு?"

"மறந்துட்டேன்."

"மண்டையோடு போட்ட டின்னை மறந்துட்டே."

"மூட்டப்பூச்சி மருந்துலகூடத்தான் சார் மண்டையோடு கீது."

கோதண்டராமன் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டுமே. "வக்கீலுக்கும் உனக்கும் தகராறுன்னு அவரோட குமாஸ்தா கங்காதரன் எழுதிக் குடுத்திருக்கார். வியாழக்கிழமை ஆபீஸ்லேர்ந்து உன்கிட்ட போன்ல கத்தினாராமே?"

"ட்ரங்க் கால் சார். செங்கல்பட்டுலேர்ந்து புதுப்பட்டினத்துக்குக் கத்தாம இன்னா பண்ணுவாரு?"

"அதை ஜட்ஜுகிட்ட சொல்லு. குமாஸ்தா ஞாயித்துக்கிழமை பூரா செங்கல்பட்டு வீட்டை விட்டே நகரலை. பங்களாவுக்கு வேற யாரும் வரலை. கடைசியா அந்த ஷெட்டுல கால் வெச்சவன் நீ. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்துட்டு வரேன். அதுவரைக்கும் அந்த பெஞ்சுல உக்காரு. வீட்டுக்கா, உள்ளயான்னு மத்தியானம் தெரியும்."

ஷஃபியுல்லா பெஞ்சில் உட்கார்ந்தார். முதுகு கெஞ்சியது. கொலைக் கேஸ் என்றால் தூக்குவரை போகும் என்பது மெக்கானிக்குக்கும் தெரியும். ஃபக்ருன்னிசாவிடம் மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பயத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது. ராஜாராம் நல்ல மனிதர். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓடாத காரை வைத்துக்கொண்டு, ஆறு மாதமாக ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். நேற்று என்ஜின் பட்டுப்போல் ஓடியதைக் கேட்டுக் குழந்தை மாதிரி கைதட்டினார். அவருக்காகக் கொஞ்சம் அழலாம் என்று தோன்றியது. ஸ்டேஷனில் அழுதால் அதையும் எழுதிக்கொள்வார்கள் என்பதால் சும்மா இருந்தார்.

*

பதினொரு மணிக்குக் கங்காதரன் வந்தான்.

சலவைச் சட்டை, நெற்றியில் குங்குமம், கையில் இரண்டு டீ. எதிரே ஸ்டேஷன் ரைட்டர் டைப் அடித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு கான்ஸ்டபிள். கங்காதரன் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து, ஒரு டீயை ஷஃபியுல்லாவிடம் நீட்டினான்.

"பாய், உங்கமேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல."

"ரொம்ப சந்தோசம்."

"நான் நெனைச்சா சாட்சியை மாத்திச் சொல்லிடலாம். போன்ல சண்டை எதுவும் இல்ல, சும்மாதான் பேசினாங்கன்னு."

"அதானே நெசம்."

"ஆனா அதுக்கு நீங்க ஒரு உதவி பண்ணணும்." குரல் இன்னும் இறங்கியது. "அந்த கார்பன் எங்க?"

ஷஃபியுல்லாவுக்கு அலுப்பாக வந்தது. காலையிலிருந்து இதே பேச்சு. "எந்த கார்பன்?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. அவர் உங்ககிட்ட போன்ல சொன்னது என் காதுல விழுந்துது. 'எல்லாத்துக்கும் கார்பன்தான் காரணம்னு இப்பத்தான் புரியுது. ஞாயித்துக்கிழமை வா, ஒண்ணு விடாம வெளிய கொண்டுவந்துடலாம்'னாரே..."

"ஆமா. கொண்டுவந்தோம்."

கங்காதரன் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.

"இப்ப அது எங்க இருக்கு?"

"பாதி காத்துல பூட்ச்சு. மீதிய துணியில தொடச்சுக் கடாசிட்டேன்."

"வெளையாடாதீங்க பாய்." அவன் உதடு வறண்டிருந்தது. "படிச்சீங்களா?"

ஷஃபியுல்லா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

முப்பது வருஷமாகக் கரியோடு குடித்தனம் நடத்துகிறவர். சுரண்டியிருக்கிறார், ஊதியிருக்கிறார், நகக்கண்ணில் ஒட்டியதைச் சோற்றோடு பிசைந்தும் தின்றிருக்கிறார். 'படிச்சீங்களா' என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

எதிரே ரைட்டர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், கார்பன் வெக்க மறந்துட்டேன்யா. மறுபடி மொதல்லேர்ந்து அடிக்கணும். அலமாரியிலேர்ந்து ஒண்ணு எடு."

கான்ஸ்டபிள் ஒரு கறுப்புத் தாளை எடுத்து வந்தார். ரைட்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல போன வாரத்து ஆட்டுத் திருட்டு கேஸே அப்படியே தெரியுது பாரு. எவன் வேணா படிச்சுடுவான். இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற குடு."

ஷஃபியுல்லாவின் மூளை ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது.

கார்பன்... டைப் அடிக்கிறவனுக்கு அது வேறு சாமான்.

டீயை ஒரு வாய் குடித்தார்.

"படிச்சேன்" என்றார்.

கங்காதரன் கண்ணை மூடித் திறந்தான். "எல்லாமே தெரியுதா?"

"ஒரு எழுத்து வுடாம."

"வரலட்சுமியம்மா பேரு?"

"மேலயே கீதே."

"உயில் தேதி?"

"அதுவும்."

கங்காதரன் பெருமூச்சு விட்டான். பத்து நாளாகத் தூங்காதவனுக்குப் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டால் வாய் நிற்காது. "எவ்ளோ அழுத்தம் பாருங்க பாய் அந்த மனுஷனுக்கு. என் பொய் உயிலைக் கண்டுபிடிச்சுட்டு, என் மூஞ்சியப் பார்த்து ஒரு வார்த்தை கேக்கலை. நான் கொண்டுபோன காபியக் குடிச்சுகிட்டே, 'வண்டி இப்ப ஜோரா ஓடுது கங்காதரா, நீயே கேளு'ன்னு சொல்றார்..."

"எப்ப சொன்னாரு?"

"ம்?"

"வண்டி ஜோரா ஓடுதுன்னு எப்ப சொன்னாரு?"

கங்காதரன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஆறு மாசமா அது ஜோரா ஓடல குமாஸ்தா சார்." ஷஃபியுல்லாவின் குரலில் கோபம்கூட இல்லை, அசதிதான் இருந்தது. "அஞ்சு நிமிசம் ஓடும், அப்பால மூச்சு வுட்டுடும். நேத்து பன்னெண்டு மணிக்கு நா கார்பன் எடுத்த பொறவுதான் அது ஜோரா ஓடிச்சு. நீ நேத்து பூரா செங்கல்பட்டு வூட்டுலதானே இருந்தே? அவரு உங்கிட்ட எங்க வந்து சொன்னாரு?"

டைப்ரைட்டர் சத்தம் நின்றிருந்தது. ரைட்டர் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கங்காதரன் எழுந்தான். வாசலை மறைத்துக்கொண்டு கான்ஸ்டபிள் நின்றார்.

"ரைட்டர் சார்" என்றார் ஷஃபியுல்லா. "இவரு சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுது பாய்."

*

நாலு மணிக்குள் கங்காதரன் எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

"வரலட்சுமின்னு ஒரு அம்மா" என்று சொல்லிக்கொண்டே கோதண்டராமன் நாற்காலியில் சரிந்தார். "கடற்கரை ஓரமா நிலம் இருக்கு. அவங்க கட்சிக்காரங்களா வந்தவங்க. அந்த நிலத்தை அமுக்கறதுக்காக, செத்துப்போன அவங்க புருஷன் பேர்ல ஒரு பொய் உயிலை வக்கீலுக்குத் தெரியாம டைப் அடிச்சிருக்கான். அந்த கார்பன் தாள் ஆபீஸ்ல எங்கியோ காணாம போயிடுச்சு. பத்து நாளா தேடறான். அப்ப வந்துது உங்க ட்ரங்க் கால்."

"அந்தத் தாளு எங்கதான் சார் பூட்ச்சு?"

"ஆபீஸ் பெருக்கற ஞானம்மாள் அன்னிக்கே குப்பையோட கொளுத்திட்டாளாம். செங்கல்பட்டுல விசாரிச்சாச்சு."

"அப்ப வக்கீலுக்கு...?"

"ஒரு மண்ணும் தெரியாதுய்யா. அவர் சொன்னது உன் கார்பன். அவன் கேட்டது அவன் கார்பன். காபியில தூக்க மாத்திரை. என்ஜின் சத்தத்தைக் கேட்டுகிட்டே சீட்டுல சாஞ்சவரை அப்படியே வுட்டுட்டு, ஷெட்டுக் கதவைச் சாத்திட்டு பஸ் ஏறிட்டான். நீ மறந்துட்டு வந்த டின்னைப் பம்பர்கிட்ட எடுத்து வெச்சதும் அவன்தான். நீ போகலாம். இதுல ஒரு கையெழுத்து போடு."

ஷஃபியுல்லா கையெழுத்துப் போட்டார். முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு அடி வைத்தவர் நின்றார்.

"சார்... வண்டி எவ்ளோ நேரம் ஓடிகினு இருந்துச்சு?"

"ரெண்டு மணிக்கு சத்தம் ஆரம்பிச்சுதுன்னு இருசப்பன் சொல்றான். அவன் தொறக்கறப்ப அஞ்சு. மூணு மணி நேரம். ஒரு தடவைகூட நிக்கலையாம். எழுதியிருக்கேன். ஏன்?"

ஷஃபியுல்லா மெதுவாகத் திரும்பி வந்து, அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை அந்தக் கதவைச் சாத்தியிருந்தால், ஐந்தாவது நிமிஷம் என்ஜின் விக்கி நின்றிருக்கும். ராஜாராம் சாயங்காலம் தலைவலியோடு எழுந்து, "பாய், உன் வண்டி மறுபடி நின்னுபோச்சு" என்று சிமெண்ட் கடைக்கு டெலிபோன் போட்டிருப்பார்.

கோதண்டராமனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நீ உன் வேலையத்தான்யா செஞ்சே."

"ஆமா சார். அதான்."

*

வெயில் இறங்குகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்.

ஃபக்ருன்னிசா வாசலிலேயே நின்றிருந்தாள். மத்தியானச் சோறு மூடினது மூடினபடி இருந்தது. அவளும் சாப்பிட்டிருக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"வுட்டுட்டாங்களா? இன்னாதான் சொன்னாங்க?"

ஷஃபியுல்லா படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அவருக்கு இப்போது அழுகை வந்தது. தடுக்க ஆளும் இல்லை, எழுதிக்கொள்ள ஆளும் இல்லை. துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருசமா வண்டி ரிப்பேர் பண்றேன். எவனாவது ஒரு கொறை சொல்லாம போயிருக்கானா? மொத மொதலா, என் வேலை சுத்தமோ சுத்தம்னு கவர்மெண்டே கைப்பட எழுதி வெச்சுக்கீது, ஃபக்ரு... கொலைக் கேஸ்ல."