போர்ட் விலாவில் ஆறுதலாக ஒரு நாள்

மெல்பேர்ன் தமிழ் உலகில் உண்மை கடைசியாக வந்து சரணடையும் வாசல் தேவராஜாவின் வாசல் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்பவர் அவருடைய நண்பர், டாக்ஸி ஓட்டும் பிரஷாந்தன் ஒருவர்தான். தேவராஜா முப்பது வருடம் நகரசபைக்காகத் தவறாக நிறுத்திய கார்களுக்குத் தண்டம் எழுதி ஓய்வு பெற்றவர்.

அந்த ஞாயிறு காலை சிவசோதி வந்தார். ஆறடிக்கு மேல் உயரம்.

"அண்ணை, சச்சிதானந்தன் ஐயாவும் மனுசியும் உல்லாசக் கப்பலிலை போகேக்கை, கறிவேப்பிலைக்குத் தண்ணி விடச் சொல்லி வீட்டுத் திறப்பைத் தந்தவை. இப்ப திரும்பி வந்து பாக்க, கராஜுக்குள்ளை நிண்ட கார் முன்பக்கம் நெளிஞ்சு கிடக்காம். நான்தான் அதைக் களவா எடுத்து ஓடினனானாம். பின்னேரம் தன்ரை பேச்சு முடிய நேரே பொலிசுக்குப் போறாராம்."

"நீர் ஓடினனீரோ?"

"தொடவே இல்லை. நான் முடிவு வருமட்டும் தாற பிரிட்ஜிங் விசாவிலை நிக்கிறன் அண்ணை. பொலிஸிலை ஒரு பதிவு விழுந்தால், பத்து வருசம் காத்திருந்ததெல்லாம் முடிஞ்சுது."

பிரஷாந்தனின் டாக்ஸியில் மூவரும் பொயிண்ட் குக் புறநகருக்குப் போனார்கள். அங்கே வீட்டில் சச்சிதானந்தனின் மனைவி இராஜேஸ்வரி, யார் முகத்தையும் பார்க்காமல் கராஜைத் திறந்துவிட்டார்.

"வந்த பிறகு ஆரும் இதை ஓடினவையோ?" என்றார் தேவராஜா.

"இல்லை. சாட்சிப் பொருளாம். தொட விடுறாரில்லை."

சாரதியின் இருக்கை ஸ்டியரிங்கோடு ஒட்டினாற்போல் இருந்தது. சிவசோதி உட்கார முயன்றார். முழங்கால் உள்ளே போகவில்லை.

"கேஸ் முடிஞ்சுது அங்கிள்!" என்று துள்ளினார் பிரஷாந்தன்.

"முடியேல்லை. ஓடிப்போட்டுச் சீற்றை முன்னுக்குத் தள்ளிவிட்டவர் எண்டு சச்சிதானந்தன் சொல்லுவார். அதோடை சச்சி அப்ப கப்பலிலை."

பிற்பகல், மண்டபத்தில் ஐம்பது பேர். அகதிகளுக்கு விசாப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் குழுவின் தலைவர் சச்சிதானந்தன், மைக்கை ஒரு சாண் கீழே இறக்கினார். பத்திரங்களை ஒழுங்காக வைத்திருப்பது பற்றி ஒரு மணிநேரம் பேசாமல் அவர் எவருக்கும் படிவம் நிரப்பியதில்லை. இன்று வனுவாட்டுத் தீவு நாட்டின் தலைநகர் போர்ட் விலா பற்றிய பேச்சு. திரையில் சந்தை வந்தது, நீலத் துறைமுகம் வந்தது. பிறகு பின்னாலிருந்து எடுத்த ஒரு மினிபஸ். இடப்பக்க யன்னலால் சாரதியின் முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எந்தப் படத்திலும் சச்சிதானந்தன் இல்லை.

"நான்தானே படம் பிடிச்சனான்!" என்று சிரித்தார். "சந்தையிலை இளநீர் குடிச்சு, கடற்கரை மர வாங்கிலை குந்தி ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தனான். பிறகு இந்த மினிபஸ்ஸிலை, சாரதிக்கு இடப்பக்கச் சீற்றிலை ஏறி, ஆறுதலா ஊரைச் சுத்தினனான். அறிவாளிக்கு அவசரம் இல்லைப் பாருங்கோ."

தேவராஜா எழுந்தார். "அங்கை வாகனம் ரோட்டின்ரை வலப்பக்கத்தாலை ஓடும். ஸ்டியரிங் இடப்பக்கம், படத்திலையே முழங்கை தெரியுது. சாரதிக்கு இடப்பக்கம் நீங்கள் இருந்திருந்தால், பஸ்ஸுக்கு வெளியிலை தொங்கிக்கொண்டெல்லோ ஊர் பாத்திருப்பியள்?"

சிரிப்பு எழுந்து அடங்கியது.

"அது... ஞாபகப் பிசகு."

"இல்லை. நீங்கள் போகவே இல்லை. சிவசோதி வந்து போற நேரம் அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டிலை ஒளிச்சிருந்து, சாமான் வாங்கக் காரை எடுத்து எங்கையோ முட்டினீங்கள். சீற் உங்கடை காலுக்கு அளவா இருக்கு. ஆக்கள் நெளிவைக் கண்டு கேட்க, ஒரு பதில் வேணும். உண்மையைச் சொன்னால் ஊரிலை நிண்டதும் வெளியிலை வரும். திறப்பு வைச்சிருந்தவர் ஏலாத மனிசன், அவரைக் காட்டினீங்கள்."

இராஜேஸ்வரி எழுந்தார். கணவரின் பையிலிருந்து, எழுதி வைத்திருந்த பொலிஸ் முறைப்பாட்டை எடுத்துச் சிவசோதியிடம் நீட்டினார்.

"மன்னிச்சுக்கொள்ளும் தம்பி. நான் தனியத்தான் போனனான். சந்தையும் வாங்கும் நான் போனிலை சொன்னது. பஸ்ஸிலை எந்தப் பக்கம் இருந்தனான் எண்டு அவர் கேக்கேல்லை."

"அப்ப அவர் ஏன் அன்ரி கப்பல் ஏறேல்லை?" என்றார் பிரஷாந்தன்.

சச்சிதானந்தனின் பாஸ்போர்ட் ஏழு மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது.